புலிமுகச் சிலந்தி என்று நான் சொன்னது

அந்தப் படம் இன்னும் என் கைத்தொலைபேசியில் இருக்கிறது. கொழும்பு வெள்ளவத்தை வீட்டின் சமையலறைச் சுவர். அதில் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாக ஒட்டிக்கிடக்கும் ஒரு பழுப்புச் சிலந்தி. ஓரங்கள் கலங்கியிருக்கின்றன.

படத்தை எடுத்தவர் என் சின்னம்மா. பிள்ளைகள் இருவரும் கனடாவில். சித்தப்பா இறந்தபின் மூன்றாம் மாடியில் தனியாகவே இருந்தார். ஒருநாள் முற்பகல், கொட்டாஞ்சேனையில் நான் கந்தோரில் வேலையாக இருந்தபோது படத்தை அனுப்பிவிட்டு அழைத்தார்.

"தம்பி, கீழ்வீட்டு ஐயா பாத்திட்டு 'திவிமகுளுவா' எண்டு சொல்லிப்போட்டுப் போறார். எங்கட புலிமுகச் சிலந்திதானே அது? ஒருக்கா வந்து பாரன்."

சிங்களத்தில் 'திவி' என்றால் சிறுத்தை, 'மகுளுவா' என்றால் சிலந்தி. நம்மவர் அதையே புலிமுகம் என்கிறார்கள். இரண்டு பெயர்களும் ஒன்றோடொன்று பொருந்தியது எனக்குப் போதுமாக இருந்தது. படத்தில் இருப்பதோடு அவை பொருந்துகின்றனவா என்று நான் பார்க்கவேயில்லை.

"ஓம் சின்னம்மா, அது சரியான விஷம். வீட்டைப் பூட்டிப்போட்டுக் கீழ இறங்கி நில்லுங்கோ. மீட்டிங் முடிய வாறன்."

மீட்டிங் முடியவில்லை. ஒன்றரை மணித்தியாலம் கழித்து என்னை அழைத்தவர் கீழ்வீட்டு ஐயா. சின்னம்மா படியில் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரி வாட்டில் பக்கத்துக் கட்டிலில் தன் தாயைப் பார்த்துக்கொண்டிருந்த ஹட்டன் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணொருத்தி, எப்படி விழுந்தார் என்று கேட்டதால் படத்தைக் காட்டினேன். "இது எட்டுக்கால் பூச்சிங்க. எங்க லயத்துச் சுவருல எப்பவும் நிக்கும். கரப்பான் திங்கும், ஆளுங்கள ஒன்னும் செய்யாது" என்றாள். அதன்பிறகுதான் படத்தைப் பெரிதாக்கி, புலிமுகச் சிலந்தியின் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அது தடித்து, உடலெங்கும் மயிரடர்ந்தது. முன்கால்களின் அடியில் மஞ்சள் பட்டை இருக்கும். இதற்கு அப்படி எதுவும் இல்லை. மெலிந்த நீண்ட கால்கள், முகத்தில் ஒரு வெளிறிய கோடு. கீழ்வீட்டு ஐயாவோ பெரிய சிலந்தி எதைக் கண்டாலும் அந்தப் பெயரைத்தான் சொல்வாராம்.

சின்னம்மாவிடம் சொன்னேன். "அது ஒண்டும் செய்யாத சாதி சின்னம்மா. நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

அவர் கோபிக்கவில்லை. "சிலந்தி கிடக்கட்டும் தம்பி. உன்னைக் காணேல்லை எண்டு திரும்ப மேல ஏறினனான். பிறகு, நீ வந்திட்டியோ எண்டு பாக்க இறங்கினனான். அப்பதான் கால் வழுக்கினது" என்றார். அதை ஒரு முறைப்பாடாகச் சொல்லாமல், நடந்ததை நடந்தபடி சொன்னார். நான் போர்வையைச் சரிசெய்தேன்.

அதன்பின் அவர் எழுந்து நடக்கவில்லை. ஆறாம் வாரம் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார்.

செத்தவீட்டுக்குக் கனடாவிலிருந்து வந்த மகள் என்னைத் தனியே அழைத்துக் கேட்டாள். "அண்ணா, அம்மா ஏன் அந்த நேரம் படியில நிண்டவ?"

"சிலந்திக்குப் பயந்து" என்றேன்.