பனை நின்ற இடத்தில் நான்

என் மகனின் வள்ளத்தில் இப்போது ஒரு சின்னக் கருவி இருக்கிறது. சாட்டிலைற்றைப் பார்த்து, கடலில் வள்ளம் நிற்கிற இடத்தைச் சொல்கிறது. தலைக்கு மேலே பத்துப் பன்னிரண்டு சாட்டிலைற் இருந்தாலும் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தால் கருவி திணறுமாம், பற்றரியும் இறங்குமாம். ஒன்றைவிட்டு ஒன்று அகல விலகி நிற்கிற சிலவற்றைத் தெரிந்தெடுத்தால் கணக்கும் குறையும், இடமும் பிசகாது என்று எனக்கு விளக்கம் சொல்ல வந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது.

"இதை உன்ர கொப்பர் நீ பிறக்க முன்னமே சொன்னவர். அதுக்குத்தான் நான் மண்டை உடைபட்டனான்" என்றேன்.

அவன் நம்பவில்லை. என் நெற்றித் தழும்பு கிணற்றடியில் வழுக்கி விழுந்து வந்தது என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தோம்.

அது அறுபதுகளின் தொடக்கம். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலம் முழுவதும் நாயாற்றுக் கரையில் வாடி என்கிற ஓலைக் கொட்டில் போட்டு மீன் பிடித்தோம். நானும் என் கணவரும், அவருடைய அண்ணனும். அண்ணனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். மரியாதை அந்தச் சொல்லோடு சரி. அந்த மனுசனுக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முதல் கைதான் பேசும். வள்ளத்தில் வேலைக்கு வந்தவர்களுக்கு அவர் அடிக்காத நாள் குறைவு.

கடலில் இடம் பிடிக்கிறது எப்படியென்றால், கரையில் தெரிகிற ஒன்றையும் அதற்குப் பின்னால் தூரத்தில் தெரிகிற இன்னொன்றையும் ஒரே நேராகப் பார்க்க வேண்டும். அது ஒரு கோடு. இப்படி இரண்டு கோடு வெட்டுகிற இடத்தில் வள்ளம் நிற்கிறது. அத்தானுக்கு ஏழெட்டுக் கோடு வேண்டும். தென்னை, வாடிக்கூரை, கொடிக்கம்பம், கோயில் மரம் என்று எல்லாம் எங்கள் வாடிப் பக்கத்திலேயே நெருங்கி நின்றவை. ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் அவர் திட்டித் தீர்ப்பதற்குள் நீரோட்டம் வள்ளத்தை வேறெங்கோ கொண்டுபோய்விடும்.

என் கணவர் இரண்டே கோடு போதும் என்றார். நேர் மேற்கே தனிப்பனையும் காட்டுக்கு மேலே தெரியும் மலையும் ஒன்று. தெற்கே பாறைமுனையும் அதன் பின்னால் நின்ற ஆலமரமும் மற்றது. ஒருநாள் மணலில் இரண்டு தென்னை ஈர்க்கைக் குறுக்கே வைத்து எனக்குக் காட்டினார். அவை வெட்டுகிற இடம் பளிச்சென்று தெரிந்தது. பிறகு ஏழெட்டு ஈர்க்கை ஒரே பக்கம் சரித்து அடுக்கி, இதில் எது எங்கே வெட்டுகிறது சொல் என்றார். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

இதையே அண்ணனிடமும் சொன்னார். அதுவும், அத்தான் தன் எட்டுக் கோடுகளையும் நம்பி வலையைப் பாறைக்கு மேலே இறக்கி, அது கந்தலாக வந்த நாளன்று சொன்னார். சொல்கிற நேரமா அது? அத்தான் துடுப்பால் வாயிலேயே போட்டார். முன்பல் இரண்டு மணலில் விழுந்தது. என் கணவரும் சும்மா விடவில்லை. அண்ணனின் பிடரியைப் பிடித்து அலைக்குள் அமுக்கினார். நாலு பேர் சேர்ந்து இழுத்திருக்காவிட்டால் அன்றே ஒரு சாவீடு.

அதோடு பிரிந்தோம். என் நகையெல்லாம் ஒரு பழைய வள்ளமும் ஒரு நைலோன் வலையும் ஆனது. அந்த வலை போனால் திரும்ப அத்தானின் வள்ளத்தில் கூலிக்குப் போக வேண்டும், அடி வாங்க வேண்டும். அத்தானுக்கும் அது நன்றாகத் தெரியும்.

ஒருநாள் காலை வலையை எடுக்கப் போனால் கடலில் மிதவைகள் இல்லை. பிறகு கரையில் ஒதுங்கிக் கிடந்தன, கயிறு கத்தியால் அறுபட்டபடி. வலை அடியில் கிடக்கிறது, மேலே ஓர் அடையாளமும் இல்லை. யார் வேலை என்று வாடிகளில் எல்லோருக்கும் தெரியும். என் கணவர் நேரே அத்தானின் வாடிக்குப் போய், மிதவை இல்லாவிட்டால் என்ன, என் இரண்டு கோடு இருக்கிறது, நாளைக்கு எடுப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தார். வாய்க்கொழுப்பு. நான் அப்போதே ஏசினேன்.

மறுநாள் விடிய, தனிப்பனை தறிபட்டுக் கிடந்தது. வாடிக் கூரைச் சட்டத்துக்குச் சிலாகை வேண்டும் என்றாராம் அத்தான்.

மேற்குக் கோடு போய்விட்டது. வாடைக் காற்றும் திரும்பத் தொடங்கியிருந்தது. கடல் கொந்தளித்தால் வலை மண்ணுக்குள் புதைந்துவிடும். என் கணவர் தறித்து மிஞ்சிய அடிக்குற்றியைச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு என் கல்யாணக் கூறைச் சேலையைக் கேட்டார். அந்தச் சிவப்பு எவ்வளவு தூரத்திலும் தெரியும் என்று நீளக் கம்பின் நுனியில் கட்டினார்.

"நட்டுப்போட்டுப் போனா பிடுங்கிப்போடுவான். குற்றியோட சேர்த்து நீ பிடிச்சுக்கொண்டு நில். கம்பு சரிஞ்சா கடலில நான் குருடன். வலை கொழுக்கியில கொழுவினா துடுப்பை நிமிர்த்துவன். அதுவரைக்கும் அசையாதை."

கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற கொழுக்கியைக் கயிற்றில் கட்டிக்கொண்டு போனார். வள்ளம் சிறுத்துப் போனது. நான் பனை நின்ற இடத்தில் நின்றேன்.

அத்தான் கோடாலிப் பிடியோடு வந்தார்.

"விடடி கம்பை."

"விடமாட்டன் அத்தான்."

முதல் அடி முதுகில். இரண்டாவது எங்கே விழுந்தது என்று தெரியவில்லை, மூச்சு நின்றுவிட்டது. தலைமயிரைச் சுற்றிப் பிடித்து இழுத்தார். குற்றியைக் காலால் வளைத்து, கம்பை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டேன். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஐயோ ஐயோ என்றார்களே தவிர ஒருத்தியும் கிட்ட வரவில்லை. அவர்களை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. நெற்றியில் விழுந்த அடியோடு ஒரு கண்ணை இரத்தம் மூடிவிட்டது. மற்றக் கண்ணைக் கடலிலிருந்து எடுக்கவில்லை. எனக்குப் பயம் இல்லை, வெறிதான் வந்தது. திருப்பி அடிக்கக் கை துடித்தது. ஆனால் கை கம்பில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வள்ளம் கொஞ்சம் வடக்கே போனது, திரும்பியது, நின்றது. என் கணவர் குனிந்து எதையோ இழுத்தார். அத்தான் என் கைவிரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார்.

துடுப்பு நிமிர்ந்தது.

இனி நான் அசையலாம். கம்பைக் குற்றியிலிருந்து எடுத்து, கூறையும் கம்புமாக அவருடைய முழங்காலில் இறக்கினேன். எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டது. விழுந்த பிறகும் இறக்கினேன். வள்ளம் கரைக்கு வந்து என் கணவர் பிடித்து நிறுத்தும்வரை நான் நிறுத்தவில்லை.

சாகும்வரை அத்தான் தடி ஊன்றித்தான் நடந்தார். பனை தறிக்கும்போது காலில் விழுந்தது என்று ஊருக்குச் சொன்னார். நாங்கள் மறுக்கவில்லை.