தானாக ஓடிய எழுத்து

வேலையிலிருந்து நீக்கப்பட்ட நண்பரின் மானிட்டரை ஆபீசில் எனக்குக் கொடுத்த காலையிலேயே, திரையில் ஒரே எழுத்து தானாக ஓடத் தொடங்கியது. என் கீபோர்டின் பேட்டரியை மாற்றினேன், அணைத்தும் பார்த்தேன். நிற்கவில்லை.

“இது உங்க கீபோர்டு இல்ல சார்,” என்றார் பழுதுபார்க்க வந்தவர். “மானிட்டருக்குப் பின்னாடி அவரோட வயர்லெஸ் கீபோர்டு ரிசீவர் சொருகியிருக்கு.”

நண்பரின் இழுப்பறையைத் திறந்தோம். அவருடைய கீபோர்டை ஒரு சாப்பாட்டு டப்பா அழுத்திக்கொண்டிருந்தது. எடுத்ததும் எழுத்து நின்றது. டப்பா கனத்தது. போன வாரம் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவரை அழைத்து, அப்படியே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

நண்பருக்குப் போன் செய்தேன்.

“டப்பாவ மட்டும் கொண்டுவாங்க சார். எங்கன்னு வீட்டுல தெனமும் கேக்கறா. வேலை போனத இன்னும் சொல்லல.”

பூஞ்சை பிடித்த சோற்றைக் கொட்டி, இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். மாலை ஹெப்பகோடி பஸ் நிறுத்தத்தில் அவர் ஆபீஸ் பையோடு நின்றிருந்தார். டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.