அறுபதில் ஐந்து இல்லை

என் தங்கை பெர்சிஸ் பி.இ. முடித்துவிட்டு, வண்ணார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இரண்டு வருடம் பாடம் எடுத்தாள். பிறகு கணினியில் எம்.இ. படிக்கப் போனாள். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் போனவள் அவள் ஒருத்திதான்.

நான் ரீபா, அவளுக்கு அக்கா. பத்தாவதோடு நின்றவள். கங்கைகொண்டானில் ஒரு கம்பெனி ஸ்டோரில் பன்னிரண்டு வருடமாக இருப்பைச் சரிபார்க்கிறேன். பொருளைக் கையால் தொடாமல் டிக் போட மாட்டேன்.

இரண்டாம் செமஸ்டரில் அவள் ஓர் ஆய்வுத் தொகுப்புக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். ஒரு விஷயத்தில் இதுவரை வந்த கட்டுரைகளைப் படித்து, யார் என்ன செய்தார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று எழுத வேண்டும். வாழை இலை நோயைப் படத்தைப் பார்த்தே கணினி கண்டுபிடிக்கும் முறைகளை அவள் எடுத்துக்கொண்டாள். நான்கு மாதத்தில் நாற்பத்தெட்டுக் கட்டுரைகள். ஒவ்வொன்றையும் பிரிண்ட் எடுத்து, ஓரத்தில் பென்சிலால் குறித்துப் படித்தாள்.

நாற்பத்தெட்டில் முப்பத்தொன்று ஒரே படத்தொகுப்பை வைத்துச் சோதித்தவை. இலையைப் பறித்து வெள்ளைத்தாளில் வைத்து எடுத்த படங்கள். இவள் இரண்டு சனிக்கிழமை சேரன்மகாதேவி வாழைத்தோப்புகளுக்குப் போய்த் தானே படம் எடுத்துப் பார்த்தாள். “காத்துல கிழிஞ்சு தொங்குத இலைய ஒருத்தரும் பாக்கலக்கா” என்றாள். கட்டுரையின் உயிரே அந்த ஒரு வரிதான்.

வழிகாட்டிப் பேராசிரியர் திருத்திக் கொடுத்த பிரதியில், கடைசிப் பட்டியல் அறுபதாகியிருந்தது.

“ஏட்டி, பன்னெண்டு கூடியிருக்கே. அந்தப் பேப்பரெல்லாம் எங்க?”

“சார் சேர்த்தது. அறுபது இருந்தாத்தான் கனமாம்.”

“எடுத்துட்டு வா. டிக் போடணும்.”

“இது ஒன் ஸ்டோர் இல்லக்கா.”

“லிஸ்ட்டுன்னு ஒண்ணு இருந்தா எல்லாம் ஸ்டோருதான்.”

அந்தப் பன்னிரண்டில் ஏழு அவருடைய சொந்தக் கட்டுரைகள். ஒன்று பஸ் டிக்கெட் மெஷினைப் பற்றியது, இன்னொன்று பேங்க் வரிசையைப் பற்றியது. வாழைக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மீதி ஐந்தை அவள் மூன்று நாள் தேடினாள். சொன்ன இதழில், சொன்ன பக்கத்தில் வேறு யாரோ எழுதியது இருந்தது. ஏதோ ஒரு ஏ.ஐ. மென்பொருளிடம் அவர் கேட்டு வாங்கிய பட்டியல். பெயர், வருடம், பக்கம் எல்லாம் கச்சிதம். கட்டுரைதான் இல்லை. எங்கள் ஸ்டோரில் ஐந்து போல்ட் குறைந்தால் வாசலில் பையைச் சோதிப்பார்கள். இவர் காரில் போய்வருகிறார்.

கட்டுரையோடு ஓர் உறுதிமொழித்தாள் வைக்க வேண்டும். பட்டியலில் உள்ள அனைத்தையும் படித்தேன் என்று மாணவி கையெழுத்திட வேண்டும், கீழே அவர். அவர் போடாவிட்டால் அந்த செமஸ்டரே போனது.

அரைநாள் லீவு போட்டு அவளோடு நானும் அவர் அறைக்குப் போனேன். கையில் கிடைத்த ஐம்பத்தைந்தையும் கட்டைப்பையில் எடுத்துப்போய் மேஜையில் வைத்தேன். அவர் ஸ்டேப்ளர் பின்னை நிமிர்த்திப் பல் குத்திக்கொண்டிருந்தார். அதே கையால் அவள் கட்டுரையைப் புரட்டினார்.

“நீங்க என்னம்மா படிச்சிருக்கீங்க?”

“பத்தாவது.”

“இதையெல்லாம் யாரும்மா எண்ணிப் பார்க்கப்போறா?”

“நான் பாத்தேன் சார்.”

சிரித்துவிட்டு பெர்சிஸ் பக்கம் திரும்பினார். “கையெழுத்துப் போடு. இல்லைன்னா அடுத்த செமஸ்டர் வேற தலைப்பு.”

அவள் பேனாவை எடுத்தாள். போட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். உறுதிமொழிக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி எழுதி, கையெழுத்திட்டு, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

“என்ன எழுதியிருக்கே?”

“படிச்சது ஐம்பத்தஞ்சு, எங்க தேடியும் கிடைக்காதது அஞ்சு. நம்பரும் போட்டிருக்கேன் சார். நீங்க கீழ போடலாம்.”

அந்த வரிக்குக் கீழே அவர் எப்படிப் போடுவார்? தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார். ஐந்தையும் எடுத்துவிட்டுப் புதுப் பிரிண்ட் கொண்டுவரச் சொன்னார்.

அவருடைய ஏழும் அப்படியே நின்றுவிட்டன. “அதையும் ஒக்காந்து படிச்சுத் தொலைச்சிட்டேனே” என்று வரும் வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பாடத்தில் அவளுக்குத் தேறுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் மதிப்பெண் கொடுத்தார்.

கட்டுரை பிறகு ஓர் இதழில் வந்தது. ஃப்ரேம் போட்டு மாட்ட வேண்டும் என்கிறாள் அம்மா. நான் கொடுக்கவில்லை. முதல் பக்கத்தில் முதல் பெயர் அந்த ஆளுடையது, என் தங்கை பெயர் இரண்டாவது. வீட்டுக்கு வந்து கேட்பவர்களுக்கு, அவள் எடுத்த தோப்புப் படங்கள் உள்ள பக்கத்திலிருந்துதான் காட்டுகிறேன்.