உப்புக் கிணறும் பிள்ளைத் துணியும்

இந்த ஊரில் சோப்பு நுரைப்பதில்லை. தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆம்பூரில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பைத் தேய்த்தால் வெள்ளைத் திப்பிதான் மிதக்கும். துவைத்த துணி காய்ந்தபின் அப்பளம்போல் விறைத்து நிற்கும். தெருக்கோடியில் தோல் பதனிடுகிற ஷாப்பு. உப்புப் போட்டு வருகிற பச்சைத்தோலை அங்கே அலசி அலசிச் சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் உப்பாகிவிட்டது என்கிறார்கள். சீமைக்குக் கப்பலேறப் போகிற தோலைத் தரம் பிரிப்பது என் வீட்டுக்காரருக்கு வேலை. அதற்காகத்தான் மூன்று மாதக் கைக்குழந்தையோடு விழுப்புரம், காட்பாடி என்று வண்டி மாறி மாறி இங்கே வந்து சேர்ந்தோம்.

பிறந்த ஊரில், தாமிரபரணியில் நான் பீத்துணி துவைத்த அழகே தனி. அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்துத் தைத்த இருபது துணி. முழங்கால் தண்ணீரில் நின்று உதறினால் பாதி அழுக்கை ஆறே கொண்டுபோய்விடும். சோப்பு ஒரு இழுப்பு போதும். அக்காவோடு ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். துவைக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற தெம்போடு வந்தவள் நான்.

வந்த பதினைந்தாம் நாள் பிள்ளைக்குத் தொடை இடுக்கெல்லாம் சிவந்தது. பிறகு புண்ணானது. துணி மாற்றும்போதெல்லாம் வீறிட்டுக் கத்துவான். தேங்காய் எண்ணெய்க்கும் கேட்கவில்லை. எனக்குச் சந்தேகமெல்லாம் அவர் கைமேல். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய தோலைப் புரட்டிப் புரட்டி அவர் உள்ளங்கை பழுப்பேறிக் கிடக்கும்.

“அந்தக் கையோட பிள்ளையத் தொடாதீங்க,” என்றேன் ஒருநாள்.

அவர் நாலு தரம் கை கழுவிவிட்டு வந்து நின்றார். அப்போதும் நான் கொடுக்கவில்லை. மறுநாளிலிருந்து அவர் கேட்பதையே விட்டுவிட்டார். எட்ட நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போவார். புண் ஆறுகிற வழியைக் காணோம். “ஊருக்குக் கூட்டிட்டுப் போயிரு,” என்று கடைசியில் அவரே சொன்னார். போனால் நான் லேசில் திரும்பமாட்டேன் என்று இருவருக்கும் தெரியும். பெட்டி கட்ட ஆரம்பித்தேன். பிள்ளைத் துணியில் பாதி உள்ளே போய்விட்டது.

பக்கத்து வீட்டில் உருது பேசுகிறவர்கள். அந்த வீட்டுக் கதீஜாபீ அக்கா கொல்லைச் சுவருக்கு மேலாக நான் துவைப்பதைப் பார்த்து, போதும் போதும் என்பதுபோல் கையை ஆட்டுவார். பீத்துணியைத் தன் சுவரோரம் அலசுவது பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்து, ரோஷத்தோடு துவைக்கிற கல்லை அடுத்த கோடிக்கு நகர்த்தினேன். வாடை வரக்கூடாதென்று இன்னும் இரண்டு இழுப்பு சோப்பும் கூட்டினேன்.

பயணத்துக்கு முந்தின நாள் அக்கா கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு குடத்தோடு வந்துவிட்டார். பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிச் சுமந்துவருகிற நல்ல தண்ணீர். இங்கே அது குடிக்கவும் சமைக்கவும் மட்டும். அதை அப்படியே என் துணி வாளியில் கவிழ்த்தார்.

“ஐயோ அக்கா, குடிக்கிற தண்ணி! பீத்துணிக்கா?”

“இன்னாமா நீ, உப்புத் தண்ணில இம்மாஞ் சோப்பு போட்டா துணிய வுட்டுப் போவுமா? அப்டியே ஒட்டிக்கினு இருக்குது பாரு. அதான் கொழந்தைய அறுக்குது. சோப்பு கம்மி பண்ணு. கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணி ஊத்து. என் புள்ளைங்க அஞ்சும் அப்டித்தான் வளந்துச்சி.”

பிழியப் பிழிய வாளித் தண்ணீர் வெளுத்தது. அவ்வளவும் நான் போட்ட சோப்பு. ஆற்றங்கரையில் பிறந்தவளுக்கு அழுக்கு போகாவிட்டால் சோப்பைக் கூட்டத் தெரியும், தண்ணீரைச் சந்தேகிக்கத் தெரியாது.

பயணத்தைத் தள்ளிப்போட்டேன். ஒரு வாரத்தில் புண் ஆறிவிட்டது. அன்று சாயங்காலம் பிள்ளையைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்து, “உங்க கையில ஒண்ணுமில்ல. எல்லாம் என் சோப்புதான்,” என்றேன். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். வேற்றுமுகம் கண்டதுபோல் பிள்ளை அழுதான். அந்த அழுகைக்கு நான்தான் காரணம். அழ அழத் தோளில் போட்டுக்கொண்டு அவர் தெருவில் இறங்கி நடந்தார்.

இப்போதைக்கு வரவில்லை என்று அம்மாவுக்குக் கடிதம் போட்டுவிட்டேன். பத்துத் துணியை வைத்துக்கொண்டு தினமும் திண்டாடுகிறேன். மழைநாளில் ஈரத் துணியை அடுப்பங்கரையில் காயவைத்துக் கட்ட வேண்டியிருக்கிறது. ஊருக்குப் போக எடுத்துவைத்த மற்ற பத்தும் பெட்டியில் மடித்தபடியே இருக்கின்றன. எடுக்கத்தான் கை போகவில்லை.