வரப்பை வெட்டச் சொன்ன கிராம சேவக்

விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் கிராம சேவக்காகச் சேர்ந்த முதல் வருஷமே ஒரு பருத்திக் காட்டைக் கொல்லப் பார்த்தேன். அறுபதுகளின் கடைசி, எம்.ரெட்டியபட்டிப் பக்கம் கரிசல் காடு. மூன்று வருஷம் ஏமாற்றிய வானம் அந்த ஐப்பசியில் விடாமல் பெய்தது. ஒண்டியாக இரண்டு ஏக்கர் பருத்தி போட்டிருந்த சீனியம்மா அக்கா, வரப்பை உயர்த்தி ஒரு சொட்டு வெளியேறாமல் தேக்கிவிட்டார். வந்த தண்ணீரை விடுகிறவனை அந்த ஊரில் பைத்தியக்காரன் என்பார்கள்.

நாலாம் நாள் இலை வெளுத்தது. நான் பேண்ட் நனையாமல் வரப்பில் நின்றபடியே, "தழைச்சத்துக் குறைச்சல், யூரியா போடுங்க" என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டேன். போட்டார். இரண்டே நாளில், தண்ணீரில் நின்றுகொண்டே செடி வாடியது.

"இந்த வெள்ளாமையும் போச்சுன்னா காட்ட வித்துட்டு மில்லு வேலைக்குத்தான் போகணும் சார்" என்றார்.

அப்போதுதான் சேற்றில் இறங்கி ஒரு செடியைப் பிடுங்கினேன். வேர் கறுத்து, சாக்கடை வாடை அடித்தது. பயிற்சியில் மனப்பாடம் செய்தது அன்றுதான் புரிந்தது. வேரின் ஒவ்வொரு செல்லும் இலை அனுப்பும் சர்க்கரையை ஆக்சிஜனால் எரித்துச் சக்தி எடுக்கிறது. அந்தச் சக்தி குறைந்தால் உரத்தையும் எடுக்காது, தண்ணீரையும் ஏற்றாது. மண்ணில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் தண்ணீர் நின்றது.

"வரப்ப வெட்டணும்க்கா."

மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "மூணு வருசமா மானத்தப் பாத்துக் கெடந்தோம். வந்த தண்ணிய வெட்டி விடச் சொல்றீகளே, மனுசந்தானா நீங்க?"

"அடுப்புல காத்துப் போக வழியில்லாம வெறகத் திணிச்சா என்ன ஆகும்க்கா?"

"பொகையும். சோறு வேகாது."

"வேருக்குள்ளயும் ஒரு அடுப்பு இருக்கு. இலை வெறகு அனுப்புது, காத்த நாம அடச்சுட்டோம். யூரியா போடச் சொன்னது என் தப்பு."

வேரை வாங்கி முகர்ந்தார். பிறகு தானே வரப்பை வெட்டினார். தண்ணீர் பள்ளத்து ஊருணிக்கு ஓடியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து என் சைக்கிளைக் கண்டதும் ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். கறுத்த வேருக்கு மேலே புதிதாக வெள்ளை வேர்கள்.

"மோந்து பாருங்க சார். அடுப்பு பத்திக்கிருச்சு!"

கால்வாசிச் செடி செத்தது. மற்றது மாசியில் காய் வெடித்தது. சீனியம்மா அக்கா காட்டை விற்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, வரப்பில் நின்று யோசனை எழுதாதீர்கள். இறங்கி வேரைப் பாருங்கள். பேண்ட் காய்ந்துவிடும்.