கோட்டுக்கு இழுத்த கிற்றார்

மாலை நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு எல்லாம் பிழையாகத் தொடங்கியது. அதுவரை வீட்டில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மகள் கொழும்பில் ஓர் இசைப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். அதற்காக ஒரு பாட்டின் இரண்டு கிற்றார் பகுதிகளையும் தானே வாசித்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் கணினியில் பதிந்திருந்தாள். ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். பாடகர் குழுப் பயிற்சிக்கு அந்தோனியார் கோயிலுக்குப் போகும்போது, "வந்து ஒருக்காக் கேட்டிட்டு அனுப்புறன். கணினியில சார்ஜ் இறங்காமல் பாருங்கோ அம்மா, வேற ஒண்டும் செய்ய வேண்டாம்" என்றாள்.

பார்த்தேன். திரையில் சம இடைவெளியில் மெல்லிய கோடுகள் நின்றன. அவளுடைய தந்தித் தட்டல்களைக் காட்டிய புள்ளிகளில் ஒன்றுகூடக் கோட்டில் நிற்கவில்லை. சில முந்தின, சில பிந்தின. காலைக் கூட்டத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியே என் ஆசிரிய வாழ்க்கையின் பாதி கழிந்தது. வரிசை பிசகிய பிள்ளைக்குக் கொழும்பில் யார் இடம் கொடுப்பார்கள்? தேர்வுக்குழு என் கண்முன் வந்து நின்றது. எல்லார் கையிலும் கோடு போடும் அடிமட்டம் இருந்தது.

எல்லாவற்றையும் கோட்டுக்கு இழுக்கும் பொத்தான் ஒன்று மேலே இருந்தது. அழுத்தினேன். எங்கள் ஊர்த் துறைமுகத்துக் கடற்படைகூட இவ்வளவு நேராக நின்றதில்லை. மகிழ்ச்சியில் முதலில் இரண்டு தரம் சேமித்தேன், பிறகுதான் கேட்டேன்.

பள்ளமும் மேடுமான வீதியில் ஒரே ஓட்டோவுக்குள் இரண்டு கிற்றார்களும் இடிபட்டுக்கொண்டு போவதுபோல் கேட்டது. பதறிப்போய் எல்லாவற்றையும் மூடினேன். பழுதான தொலைக்காட்சி அப்படி நிறுத்திப் போட்டுச் சரிவந்திருக்கிறது. திரும்பத் திறந்தேன். அதே ஓட்டோ.

மகளுக்கு அழைத்தேன். அவளுடைய தொலைபேசி அலுமாரிக்கு மேலிருந்து பாடியது. கந்தளாயில் வேலையிலிருந்த கணவருக்கு அழைத்தேன்.

"சேவ் பண்ணினனீரோ?"

"ஓம், ரெண்டு தரம்."

"பிறகென்ன பயம்? ஒண்டும் போகாது."

உண்மைதான். பிழை பத்திரமாக இருந்தது. அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தேன். காணாமற்போனதை எடுத்துத் தருவதில் அவர் வல்லவர். போன தாளமும் அதில் சேருமா என்று தெரியவில்லை. பிள்ளையின் இடத்தை நானே அழித்துவிட்டேன் என்று கணினிக்கு முன்னாலேயே இருந்துவிட்டேன்.

ஐந்தரைக்கு மகள் வந்தாள். நான் செய்ததைப் பாதி சொல்லும்போதே என்னைக் கையமர்த்திவிட்டு, ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டாள். உதட்டைக் கடித்தது அழுகைக்கா சிரிப்புக்கா என்று எனக்கு விளங்கவில்லை.

"அந்தக் கோடெல்லாம் மிசின் தன்ரபாட்டில ஒரு வேகத்துக்குப் போட்டதம்மா. நான் அதைப் பார்த்து வாசிக்கேல்லை. என்ர பாட்டின்ர வேகம் வேற. இழுபட்டதைக் கழற்றிவிட்டால் சரி, நான் வாசிச்சது அடியில அப்பிடியே கிடக்குது."

நான் இருந்த கதிரையின் முதுகில் தட்டினாள்.

"எழும்புங்கோ. இதை அனுப்பிப்போட்டு வந்து உங்களை வரிசையில நிப்பாட்டுறன்."