மெர்சி எதையும் வெட்டி ஒட்டமாட்டாள்

கம்ப்யூட்டரில் ஒரு கோப்பை இடம் மாற்ற வேண்டுமென்றால் மெர்சி முதலில் நகல் எடுப்பாள். புது இடத்தில் வைத்துத் திறப்பாள். மேலே ஒரு பேர், நடுவில் ஒரு பேர், கடைசியில் ஒரு பேர், மூன்றையும் வாய்விட்டுப் படிப்பாள். சரியாக இருந்தால்தான் பழையதை அழிப்பாள். "புது வீட்டுல கரண்டு வந்துட்டுதான்னு பாக்காம பழைய வீட்டைக் காலி பண்ணுவாங்களாய்யா?" என்பாள்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். ஒரு டெம்போவில் தொடங்கி இன்று ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு முப்பத்தோரு வேன் விடுகிறேன். எவனிடமும் கைகட்டி நின்றதில்லை. ஆனால் சுங்குவார்சத்திரத்து என் ஆபீசில், அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் மட்டும் மெர்சியைக் கேட்டுத்தான் உட்காருவேன்.

சாத்தான்குளத்துக்காரி. கம்பெனி அசெம்பிளி லைனில் நின்று நின்று கால் வீங்கி, என்னிடம் வந்து ஒன்பது வருஷம். இந்தத் தடத்துக் கம்பெனி ஆட்கள் அத்தனை பேரின் மெயில் முகவரியும் அவள் வைத்திருக்கும் ஒரே கோப்பில் உண்டு. மெயிலும் அதிலிருந்துதான் முகவரி எடுக்கும். வேலையை விட்டுப் போனவர்களையும் எடுக்கமாட்டாள். "இங்க விட்டா அடுத்த கம்பெனியில முளைப்பாங்க." அப்படித்தான் முளைக்கிறார்கள். பேருக்குப் பக்கத்தில் குறிப்பும் இருக்கும்: 'ஜீவானந்தம் சார், கிருத்திகையன்று வல்லக்கோட்டை முருகன் கோயிலில் இருப்பார், கூப்பிடக் கூடாது.'

சென்ற ஆயுத பூஜைக்கு வேன்களைக் கழுவி மாலை போட்டோம். கம்ப்யூட்டர் தலையிலும் நானே சந்தனம் வைத்தேன். மவுஸுக்குக் கை போனபோது மெர்சி தடுத்தாள். "அதுக்கு வேண்டாம்யா, கையில ஒட்டும்." அவள் கிளம்பிய பிறகு பார்க்கிறேன், ஷெட்டெல்லாம் பளிச்சென்று இருக்க, கம்ப்யூட்டர் திரை மட்டும் குப்பையாகக் கிடந்தது. பூஜைக் கையோடே இருந்ததையெல்லாம் இழுத்து ஒரே ஃபோல்டருக்குள் தள்ளினேன். பெருக்கிவிட்டாற்போல் சுத்தம். எனக்கே பெருமையாக இருந்தது.

லீவு முடிந்து வந்த காலை, மெர்சி மெயிலைத் திறந்தால் ஒரு முகவரிகூட இல்லை. பதினொரு மணிக்குள் ஒரு புதுக் கம்பெனிக்கு வேன் வாடகை எழுதி அனுப்பியாக வேண்டும். ஆறு வேனுக்கு வேலை. முகவரி அந்தக் கோப்பில் மட்டும்தான். டிரைவர்களை மேய்க்கும் திருமலை வாசலிலேயே ஆரம்பித்தான்.

"இன்னா மெர்சிக்கா, பூஜைக்கு வூட்டப் பெருக்கச் சொல்லோ லிஸ்டையும் சேத்துப் பெருக்கிட்டியா? ஆறு வண்டி நின்னா ஆறு டிரைவருக்கும் நீதான் சோறு போடணும்."

நான் இழுத்துத் தள்ளியதில் அந்தக் கோப்பும் போயிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பத்தோரு வேன்காரன், டீசல் பில் கட்டை எடுத்துக் குனிந்து எண்ண ஆரம்பித்தேன்.

மெர்சி தேடினாள். பத்து நாற்பதுக்கு என் ஃபோல்டருக்குள் கோப்பு அகப்பட்டது. மெயிலை மூடினாள். திரையில் யார் கையும் படாதபடி உள்ளே தனி ஃபோல்டர் ஒன்று போட்டு, நகலை அதில் வைத்தாள். "இடம் மாத்துனா மெயிலுக்கும் சொல்லணும்லா" என்று முணுமுணுத்தபடி அதற்குப் புது இடத்தைக் காட்டினாள். மூன்று பேரைப் படித்தாள். பத்து ஐம்பத்திரண்டுக்கு வாடகை மெயில் போய்விட்டது.

"யாருக்கா கைய வெச்சது? இந்த ஆபீசுல வேற யார் கீறாங்க?" என்று திருமலை மேஜைப் பக்கம் வந்தான்.

மெர்சி மவுஸிலிருந்து கையை எடுத்தாள். அதன் முதுகில், காலையிலிருந்து அவள் உள்ளங்கைக்கடியில் மறைந்திருந்த காய்ந்த சந்தனம். என் விரல் தடம்.

"நாந்தான் தம்பி, எங்கயோ மாத்தி வச்சிட்டேன்" என்றாள். என் பக்கம் திரும்பாமலே, புடவைத் தலைப்பால் மவுஸை அழுத்தித் துடைத்தாள்.